பெரிய மார்க்கெட்டின் குப்பை எரியுமா?



சென்னை கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. அதனை எதிர்த்து 2025ஆம் ஆண்டு மே மாதம் வடசென்னை மக்கள் வீதியில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். அதுமுதல் நம் பங்குகளிலும் இப்பேச்சு அடிபடுகிறது. "நாறிக் கிடக்கும் குப்பையும் ஒழியும், மின்சாரமும் கிடைக்கும், இதை எதிர்ப்பானேன்?" என்று நம்மிடம் கேட்டோர் பலர். நியாயமான கேள்வியே. ஆகவே சற்று விரிவாக விடை கூற விழைகிறோம்.

விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் பெரிய மார்க்கெட்டுக்குச் சென்றால் போதும். குபேர் அங்காடி என்பது அதன் அரசாங்கப் பெயர். அப்பெயரைச் சொல்லிக் காய் வாங்கப் போனவரை நாம் கண்டதில்லை. நேரு வீதி வழியே நுழைந்து, வியாபாரம் ஓய்ந்த வேளையில் அங்கே கூட்டிக் குவித்திருப்பதைப் பாருங்கள். முட்டைக்கோசின் மேலிலைகள், வாழை மட்டை, அழுகிய தக்காளி, வாடிய சாமந்தி, மீன் செதில், குடல். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டும். நம் வீட்டுக் குப்பைக்கூடையும் இதே இனந்தான். இந்திய நகரங்களின் குப்பையில் ஏறக்குறைய சரிபாதி இத்தகைய ஈரப்பொருளே.

ஈர விறகை அடுப்பில் வைத்துக் கண் எரிய ஊதிய பாட்டிமாருக்கு எந்தப் பொறியாளரும் பாடம் சொல்லத் தேவையில்லை. தீயின் வெப்பம் முதலில் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. தில்லி திமார்ப்பூரில் 1987ஆம் ஆண்டு, டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். சோதனை ஓட்டம் 21 நாள்கள் நடந்தது. தில்லிக் குப்பையில் எரியும் சத்துப் போதாமையால் ஆலை நின்றது. டென்மார்க்கின் குப்பை வேறு, நம் குப்பை வேறு. மைய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளும் இதை உணர்ந்தே, மறுபடி பயன்படுத்த இயலாததும், கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாமல் வெப்பம் தருவதுமான குப்பையையே எரிக்கலாம் என்று எல்லை வகுத்தன.

அப்படியானால் உலையில் நன்றாக எரிவது எது? காகிதம், அட்டை, துணி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளாஸ்டிக். கோசின் இலையன்று, கோசைச் சுமந்து வந்த பை! அச்சமும் இங்கேதான் பிறக்கிறது. பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பொருள்கள் போதிய வெப்பமின்றி எரியும்போது டயாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது காற்றோடு போய் மறைவதில்லை. புல்லில் படிந்து, பசுவின் பாலிலுள்ள கொழுப்பில் சேர்ந்து, மனித உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது.

வெப்பம் 850 டிகிரிக்குக் குறையாமல் நின்று, புகை வடிகட்டிகளும் ஒழுங்காக இயங்கினால் இத்தீங்கைப் பெரிதும் அடக்கலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வியன்னா நகரின் நடுவிலேயே அத்தகைய ஆலை நடக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் ஒருவிதம், கோடையில் ஒருவிதம் என வரும் கலப்புக் குப்பையைக் கொண்டு அவ்வெப்பத்தை நாள் தவறாமல் காக்க முடியுமா? நள்ளிரவில் வடிகட்டி பழுதானால் ஆலையை நிறுத்துவது யார்? மிஞ்சும் சாம்பலை எங்கே கொட்டுவது? இவற்றைக் கேட்கும் கொடுங்கையூர்த் தாய்மாரை விவரமறியாதவர்கள் என்று ஒதுக்குவது அழகன்று. சுமார் நாற்பது ஆண்டுகளாகச் சென்னையின் குப்பையைச் சுமந்த பகுதி அது. அதன் அருகிலுள்ள மணலியை, கடுமையாக மாசுபட்ட இடங்களுள் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009இல் அறிவித்தது.

நம்மவர்க்கு இதில் பங்கில்லையா? பெரிய மார்க்கெட்டின் பூ மணம் நமக்கு, நாற்றம் குருமாம்பேட்டுக்கு என்றுதான் நாமும் பிரித்து வைத்திருக்கிறோம்.

கேரளத்தில் ஆலப்புழை நகரின் குப்பை சர்வோதயபுரம் என்ற சிற்றூரில் கொட்டப்பட்டுவந்தது. 2012இல் ஊர் மக்கள் வண்டிகளை உள்ளே விட மறுத்துவிட்டனர். நகரம் நாறியது. வேறு வழியின்றி ஆலப்புழையார் தம் வீட்டுக் குப்பையைத் தாமே பார்க்கலாயினர்: வீடுகளில் சிறு எரிவாயுக் கலன்கள், தெருக்களில் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள். ஐந்தே ஆண்டுகளில், 2017இல், ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அந்நகரைப் பாராட்டியது. நகராட்சி மட்டும் செய்த வேலையன்று இது. அடுக்களையில் நின்ற பெண்கள் செய்தது. (ஆண்கள் வாளியையாவது தூக்கியிருப்பார்கள் என நம்புவோம்.)

அங்காடிக்கென்றே ஓர் உதாரணமும் உண்டு. ஐதராபாத்தின் போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில் நாள்தோறும் சேர்ந்த சுமார் 10 டன் கழிவை எரிக்காமல், மூடிய கலனில் புளிக்க வைத்து வாயு எடுத்து, ஏறக்குறைய 500 யூனிட் மின்சாரம் ஆக்கினர். 2021 சனவரியில் பிரதமரும் தம் வானொலி உரையில் இதனைக் குறிப்பிட்டார். இம்முறைக்கு ஈரம் பகையன்று, துணை. எனினும் கலனைக் கட்டினால் மட்டும் போதாது. சென்னைக் கோயம்பேட்டில் 2005இல் நாளொன்றுக்கு 30 டன் கழிவுக்கென அமைத்த இத்தகைய நிலையம் பிற்பாடு பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. இலையோடு பையும் கயிறும் சேர்ந்து உள்ளே போனால் எந்தக் கலனும் அடைத்துக்கொள்ளும்.

பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா என்று வியாபாரிகளும் அரசும் சில ஆண்டுகளாக வாதிட்டு வந்திருக்கின்றனர். எவ்வழி முடிவானாலும் கழிவைப் பிரிக்க ஒரு மேடைக்கும், வாயுக் கலனுக்கும் அங்கேயே இடம் ஒதுக்குமாறு நகராட்சிக்கு விண்ணப்பம் எழுத எண்ணியுள்ளோம். நம் பங்கில் காய்க்கடையும் பூக்கடையும் மீன் வியாபாரமும் செய்யும் குடும்பங்கள் உள்ளன. எவ்வளவு சேர்கிறது, எந்நேரம் வண்டி வருகிறது, எது எதோடு கலக்கிறது என்பன அவர்களுக்கே தெரியும். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அவர்கள் பங்கு இல்லத்துக்கு வந்து விவரம் சொன்னால், விண்ணப்பத்தை அன்றே எழுதி முடிக்கலாம்.