வெள்ளமும் வெல்லமும்

2015 டிசம்பர் வெள்ளம் குறித்து ஊர்ப் பெரியவர்கள் சொன்னவற்றைத் தொகுத்து, செம்பரம்பாக்கத்து நண்பர் ஒரே ஜிப் கோப்பாக அனுப்பியிருந்தார். பிரித்தால் கோப்புப் பெயர்கள் யாவும் புரியாக் கிறுக்கல். கணினி அறிந்த ஒருவர், "கெட்டுவிட்டது, அழித்துவிடுங்கள், இனி ஆங்கிலத்தில் பெயர் வைக்கச் சொல்லுங்கள்" என்றார். இரண்டுமே தவறான அறிவுரை.

எதுவும் கெடவில்லை. ஒன்பது எழுத்துள்ள 'செம்பரம்பாக்கம்' யுனிகோடில் 15 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் 45 பைட்டுகள். பைட்டுக்கு ஓர் எழுத்தென வாசிக்கும் மென்பொருள் 45 கிறுக்கல்களைக் காட்டுகிறது. பெயர் யுடிஎஃப்-8இல் உள்ளதென அறிவிக்கும் அடையாளம் ஜிப் வரையறையில் 2006இல்தான் சேர்ந்தது. அதை இடாத, மதிக்காத மென்பொருள்களும் உண்டு. சரியான குறியாக்கத்தைத் தேர்ந்து மறுபடி பிரித்தால் பெயர்கள் மீளும். கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்ட பெயர்கள்தாம் மீளா.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கி குறியாக்கத்தில் இட்ட நூல்களைப் பின்னர் யுனிகோடில் தந்தது. அன்று யாரேனும் 'அழித்துவிடுங்கள்' என்றிருந்தால்?

ஆங்கிலப் பெயர் வைப்பது தீர்வென்போர் ஒன்றை யோசிக்கட்டும்: ரோமன் எழுத்தில் வெள்ளமும் வெல்லமும் ஒன்றுதான். ஏரிக்கரையில் வெள்ளம் கண்டவரிடம் போய் இரண்டும் ஒன்றென்று சொல்லிப் பாருங்கள்.