படகும் பயமும்



சென்ற மாதம் புத்தூர் கிழக்கில் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "பிள்ளை, இதை ஒருக்காப் பார். மகள் கனடாவிலையிருந்து அனுப்பினவள். எனக்கு நெஞ்சு பதறுது. பாதியிலை நிப்பாட்டிப்போட்டன்" என்றார்.

அது ஒரு வீடியோ. ஒரு சிறிய உல்லாசப் படகில் மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் நிற்கிறார்கள். இரு பக்கமும் ஈரமான உயர்ந்த கற்சுவர். முன்னும் பின்னும் பெரிய மரக்கதவுகள். மேலே வானம் மட்டும் தெரிகிறது.

"பங்கருக்குள்ளை நிக்கிற மாதிரி இருக்கு. அதுவும் தண்ணியிலை" என்றார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. 1993 இல் இரவில் வள்ளத்தில் கிளாலிக் கடலைக் கடக்கும்போது சூடு பட்டு அவரது கணவர் இறந்தார். மூன்று வயது மகள் அப்போது தாயின் மடியில் இருந்தாள். அதன் பின் அந்த அம்மா எந்த வள்ளத்திலும் ஏறியதில்லை. நயினாதீவு அம்மனிடம் வைத்த நேர்த்திகூட இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது.

"தகப்பன் தண்ணியிலை போனவர். இவள் தண்ணியிலை நிண்டு சிரிக்கிறாள்" என்று சொல்லி அழுதார்.

அந்தப் படகு நின்ற இடம் ஒட்டாவா நகரிலுள்ள றீடோ கால்வாய். அதன் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1812 இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் மூண்டது. அது முடிந்த பின்னரும், மீண்டும் போர் வந்தால் சென் லோறன்ஸ் ஆற்றுப் பாதை அடைபட்டுவிடும் என்று பிரித்தானியர் அஞ்சினர். படைகளும் பொருட்களும் போக வேறொரு பாதையாக, ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்ரன் வரை 202 கிலோமீற்றர் நீளத்துக்கு இக் கால்வாயை அமைத்தார்கள். 1826 இல் தொடங்கிய வேலை 1832 இல் முடிந்தது. மலேரியாவாலும் விபத்துக்களாலும் சுமார் ஆயிரம் பேர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. அவர்களில் பலர் பிழைப்புத் தேடி அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். ஆனால் எதிர்பார்த்த போர் வரவேயில்லை. இன்று கோடை காலத்தில் அந்த வழியே குடும்பங்கள் உல்லாசமாகப் பயணம் செய்கின்றன. 2007 இல் அது உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அந்தக் கற்சுவரும் கதவும் எதற்கு? ஒட்டாவாவில் ஆறு பள்ளத்திலும் கால்வாய் மேட்டிலும் உள்ளன. இடையே 24 மீற்றர் உயர வித்தியாசம். படகு படியேற முடியாதல்லவா? அதனால் படிக்கட்டுப் போல எட்டுத் தொட்டிகளைக் கட்டியிருக்கிறார்கள். அவற்றை 'லொக்' என்பார்கள். எங்கள் தொண்டைமானாற்று அணைக்கும் கதவுகள் உண்டு. அவை உவர்நீர் உள்ளே வராமல் தடுப்பதற்கானவை. இவையோ படகை ஏற்றி இறக்குவதற்கானவை.

படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவை மூடுவார்கள். படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சுவரில் தொங்கும் கம்பியில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு மேலேயுள்ள தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தொட்டிக்குள் விடுவார்கள். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் வாளி, நீர் நிறைய நிறைய மேலே வருமே, அதே போல்தான் படகும் உயரும். பம்பு எதுவும் இல்லை. கதவுகளைக்கூட இன்றும் பெரும்பாலும் கையால் சுற்றித்தான் திறக்கிறார்கள்.

இதில் ஒரு விடயம் முக்கியம். இரு பக்கத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை முன்கதவு திறக்காது. தண்ணீரின் அழுத்தமே அதை இறுக்கி வைத்திருக்கும். எத்தனை பேர் கூடித் தள்ளினாலும் பயனில்லை. மட்டம் சரியானதும் கதவு இலகுவாகத் திறக்கும்.

இதைச் சொன்ன பிறகு, இருவரும் சேர்ந்து வீடியோவின் மீதியைப் பார்த்தோம். சுவர் மெல்ல மெல்லக் குறைந்தது. பேரப்பிள்ளைகளின் தலைகள் சுவருக்கு மேலே தெரிந்தன. பிறகு புல்வெளியும் மரங்களும் தெரிந்தன. கதவு திறந்தது.

அன்றிரவு அவர் மகளோடு பேசினார். மகள் சொன்ன பதிலை மறுநாள் எனக்குச் சொன்னார்: "அம்மா, எனக்கும் தண்ணியெண்டால் பயம்தான். அந்தப் பயத்தைப் பிள்ளையளுக்குக் குடுக்கக்கூடாதெண்டுதான் ஏறினனான்."

சகோதரிகளே, சிரிப்பது இறந்தவரை மறப்பதாகாது. கணவரை இழந்த பெண் ஊர் பார்க்கப் போனால் குறை சொல்லும் வாய்கள் எங்கள் ஊர்களில் இன்னும் உண்டு. அவற்றுக்குப் பயந்து வாழ்நாள் முழுவதும் உங்களைத் தண்டிக்க வேண்டாம். அதேவேளை, "எல்லாம் முடிஞ்சுதுதானே, இன்னும் என்ன பயம்?" என்று எவரையும் அவசரப்படுத்தவும் வேண்டாம். முதலில் கரையில் நின்று பார்க்கலாம். பிறகு கட்டியிருக்கும் வள்ளத்தில் சற்று நேரம் இருக்கலாம். அதன் பின், நம்பிக்கையான ஒருவரோடு சிறு தூரம் போகலாம். நித்திரையின்மையும் நெஞ்சுப் படபடப்பும் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கடந்த ஞாயிறு எங்கள் குழு நயினாதீவுக்குப் போனது. அந்த அம்மா குறிகாட்டுவான் இறங்குதுறை வரை வந்தார். படகில் ஏறவில்லை. எவரும் வற்புறுத்தவில்லை. அர்ச்சனைத் தட்டை என் கையில் தந்து, "இந்தமுறை நீ குடுத்துவிடு பிள்ளை. அடுத்தமுறை பாப்பம்" என்றார். நாங்கள் திரும்பி வரும்வரை கரையில் கடலைப் பார்த்தபடி இருந்தார்.

முப்பது வருடங்களுக்குப் பிறகு அவர் கடலுக்கு அவ்வளவு அருகில் இருந்தது அன்றுதான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.