ஸ்லைடிங் கதவு போடப் போறீங்களா? முதல்ல கீழே குனிஞ்சு பாருங்க!

யானைக்கவுனி, கொண்டித்தோப்பு, சவுகார்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளுக்கு முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். அவற்றை இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பினாலும் மனை என்னவோ அதே குறுகல் மனைதான். பால்கனி என்ற பெயரில் கிடைப்பது ஒரு வாஷிங் மெஷினும் ஒரு துளசித் தொட்டியும் வைக்கிற இடம். அங்கே உள்பக்கமோ வெளிப்பக்கமோ திறக்கும் கதவைப் போட்டால், கதவு சுழல்வதற்கே இரண்டரை அடி போய்விடும். அதனால்தான் வடசென்னையில் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் தள்ளிவிடும் ஸ்லைடிங் கதவு சர்வசாதாரணமாகிவிட்டது.

வாங்கும்போது எல்லோரும் கண்ணாடியின் கலரையும் ஃப்ரேமின் பளபளப்பையும்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கதவின் ஆயுள் தரையோடு ஒட்டிக் கிடக்கும் டிராக்கில்தான் இருக்கிறது. கதவைத் தாங்கும் சக்கரம் ஓடுவது அங்கேதான். மழைத் தண்ணீர் சேர்வதும், ஊர்ப் புழுதியெல்லாம் வந்து உட்கார்வதும் அதே இடத்தில்தான்.

புழுதிக்கு வடசென்னையில் தனி வரலாறே உண்டு. ராயபுரம் பக்கம் துறைமுகத்திலிருந்து பறந்து வந்த நிலக்கரித் தூளால் ஜன்னலைத் திறக்கவே பயந்த வீடுகள் பல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளுவது நின்று, எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்கு நிம்மதி; எண்ணூர்க்காரர்கள் வீட்டு டிராக்கில் இன்றைக்கும் விரலை வைத்து இழுத்தால் கறுப்பாகத்தான் வரும்.

இந்தத் தூசியோடு சேர்வது கடலின் உப்பு. காசிமேடு, திருவொற்றியூர் என்றால் கேட்கவே வேண்டாம். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் யானைக்கவுனிக்கும் அந்தக் காற்று வந்து சேரத்தான் செய்கிறது. கடைக்காரரிடம் இதைப் பேசினால் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“ஸ்க்ரூ, சக்கரமெல்லாம் எஸ்.எஸ். தானேண்ணா? துருப்பிடிக்காதே?”

“பக்கா எஸ்.எஸ்.க்கா. காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டவே ஒட்டாது.”

காந்தம் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் மலிவான 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒட்டாது, நல்ல 304 ரகத்திலும் ஒட்டாது. 202 ரகம் உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்பு தட்டிவிடும். கேட்க வேண்டியது நம்பரை: சாதாரணமாக 304, கடலைப் பார்த்த வீடென்றால் 316. மாலிப்டினம் என்ற உலோகம் 2 சதவீத அளவுக்குச் சேர்ந்திருப்பதால் 316 உப்பைத் தாங்கும். எந்த நம்பர் என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அலுமினியமா, யுபிவிசியா? யுபிவிசி துருப்பிடிக்காது. ஆனால் அதற்குள் பலத்துக்கு வைக்கும் கம்பி இரும்புதான்; அது துத்தநாகப் பூச்சுள்ளதா என்று கேட்க வேண்டும். அலுமினியம் என்றால் பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை முடுக்கினால், உப்பு ஈரத்தில் அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொடி கிளம்பி ஃப்ரேமே அரிக்க ஆரம்பிக்கும். சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் இந்தச் சின்ன ஐட்டங்களில்தான் கை வைத்திருப்பார்.

அடுத்தது கொசுவலை. “இப்ப இரண்டு டிராக் போதும், வலையை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அப்புறம் தனியாக வலைக்கு இடம் தேடுவதைவிட, ஆரம்பத்திலேயே மூன்று டிராக் போட்டுவிடுவது நல்லது: இரண்டு கண்ணாடிக்கு, ஒன்று வலைக்கு.

சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் வலையை இழுத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசுவும், மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் மலேரியாக் கொசுவும் ராத்திரி ஆட்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்கும் காலை பதினோரு மணிக்கும் வலை மூடியே இருக்கட்டும்.

இன்னொரு சூட்சுமம். கண்ணாடிக் கதவைப் பாதி மட்டும் தள்ளிவிட்டு வலையை மூடினால், கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகக் கொசு தாராளமாக வரும். கண்ணாடியைக் கடைசி வரை தள்ளிவிட வேண்டும். வலையின் ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு பட்டை இருக்கும். அது தேய்ந்து போனாலும் இதே கதைதான். அதை மட்டும் மாற்றச் செலவு அதிகமாகாது.

இப்போது டிராக்குக்கு வருவோம். அதன் வெளிப்பக்கச் சுவரில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். டைல்ஸ் போடும்போது சிமென்ட் போய் அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் சிலிக்கான் பூசுகிறவர் நல்லது செய்வதாக நினைத்து அதையும் சேர்த்துப் பூசிவிடுவார். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததுபோல மழை பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் டிராக் நிரம்பி ஹாலுக்குள் வழியும். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் போன பிறகு யாரைக் கூப்பிடுவது?

அதனால் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் வெளியே வடிய வேண்டும். தேங்கினால், வேலை முடியவில்லை என்று அர்த்தம். குடியிருக்கும் வீட்டிலும் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வருடம் ஒருமுறை இதையே செய்யலாம். துளை அடைத்திருந்தால் ஈர்க்குச்சி போதும்.

கதவு இறுகினால் உடனே தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். இரண்டு நாள் வழுக்கும். பிறகு தூசியும் உப்பும் எண்ணெயில் ஊறி, தோசைக்கல் பிசுக்குபோலச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைக் கிளறி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும். அப்படியும் கதவு தரையில் உரசினால், அடிப்பக்கம் ஓரத்தில் சக்கரத்தை உயர்த்தும் ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகிப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடலாம். ஃப்ரேமை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தாலே உப்பு தங்காது.

கண்ணாடி டஃபண்டாக இருக்கட்டும். உடைந்தாலும் கத்திபோலக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் சிதறும். மூலையில் அதற்கான முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. கொசுவலை கொசுவைத்தான் நிறுத்தும். சாய்ந்து விளையாடும் மூன்று வயதுக் குழந்தையின் எடையை அது தாங்காது. பால்கனிக்குக் கிரில்லோ உயரமான கைப்பிடிச் சுவரோ தனியாக இருந்தாக வேண்டும். வலைக்குப் பக்கத்தில் நாற்காலி, மோடா எதையும் போட்டு வைக்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வெல்க்ரோ வைத்து ஒட்டும் வலையே போதும் என்பார்கள். தப்பில்லை. ஆனால் வெயில் பட்டுப் பட்டு அதன் பசை காய்ந்துவிடும். ஒட்டுவதற்கு முன் ஃப்ரேமில் இருக்கும் உப்பைத் துடைத்து உலர விட்டால் கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கும். மூலை கழன்று வந்தால் அந்தப் பட்டையை மட்டும் புதிதாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.