விலை பேசப்படும் ஞாயிறு

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை மக்கள் வெள்ளத்தால் நிரம்புகிறது. கட்டுமானத் தளங்களில் உழைத்துக் களைத்த தமிழகத் தொழிலாளர் தேக்காவில் கூடுகின்றனர், ஊர்க்கதை பேசுகின்றனர், வீட்டிற்குப் பணம் அனுப்புகின்றனர். வார ஓய்வு அவர்களுக்கு 1968ஆம் ஆண்டின் வேலை நியமனச் சட்டம் வழங்கிய உரிமை. அதே தமிழகத்திலிருந்து வந்து, அடுக்குமாடி வீட்டில் சமைத்துத் துவைத்துக் குழந்தை வளர்க்கும் பெண்ணுக்கோ அச்சட்டத்தில் இடமில்லை. வீட்டுப் பணியாளரை அது வெளிப்படையாகவே விலக்கி வைத்துள்ளது.

அவர்களுக்கென வேறு விதிகள் உள்ளனவே என்பர் சிலர். உள்ளன. 2013 சனவரி முதல் அவ்விதிகளில் வார ஓய்வு நாளும் இடம்பெற்றது. ஆயினும், பணிப்பெண் இசைந்தால் அந்நாளை ஒரு நாள் ஊதியம் தந்து முதலாளி வாங்கிக்கொள்ளலாம். 2023 சனவரி முதல் மாதத்தில் ஒரு நாளை மட்டும் அவ்வாறு வாங்க இயலாது. எஞ்சிய ஞாயிறுகள் இன்றும் விலைக்குரியனவே.

'இசைந்தால்' என்னும் சொல்லில்தான் அநீதி ஒளிந்திருக்கிறது. பணி அனுமதியை நீக்கி ஊருக்கு அனுப்பும் அதிகாரம் ஒருவர் கையில். முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் மற்றவர் தலையில். இவ்விருவரிடையே எழும் இசைவு இசைவாகுமா? அச்சத்தின் மறுபெயரன்றோ அது!

வீட்டு வேலைக்கு நேரம் வகுக்க முடியாது என்பது அடுத்த வாதம். ஓய்வு நாளின் விலையைக் காசு பிசகாமல் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, உழைப்பின் நேரத்தைக் கணக்கிட மட்டும் தெரியாமற்போவது விந்தையே.

கொடுமை செய்வோர்க்குக் கடுந்தண்டனை உண்டு என்பதும் உண்மையே. 1998இல் தண்டச் சட்டம் திருத்தப்பட்டு, பணிப்பெண்ணைத் துன்புறுத்தும் முதலாளிக்குரிய தண்டனை ஒன்றரை மடங்காக உயர்ந்தது. ஆயினும் 2016இல், இந்தியக் குடும்பம் ஒன்றில், மியன்மார் நாட்டுப் பணிப்பெண் ஒருவர் பட்டினியாலும் அடியாலும் மாண்டார். அவருக்கு ஓய்வு நாளும் இல்லை, கைப்பேசியும் இல்லை. 2021இல் முதலாளிக்கு 30 ஆண்டுச் சிறை கிடைத்தது. தண்டனை உயிர் போனபின் வந்தது. ஓர் ஓய்வு நாள் உயிர் இருக்கும்போதே அவரை வெளியுலகின் கண்ணில் காட்டியிருக்கும்.

வாரந்தோறும் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இலேயே வகுத்தது. பிலிப்பைன்ஸ் 2012இல் அதனை ஏற்றது. சிங்கப்பூரும் இந்தியாவும் இன்னும் ஏற்கவில்லை.

அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் திரைக்கு வந்தபோது தமிழுலகம் கைதட்டி வரவேற்றது. திரையில் நின்ற வேலைக்காரிக்குக் கைதட்டிய சமுதாயம், அடுக்களையில் நிற்பவளின் ஞாயிற்றுக்கு விலை பேசலாமா? வேலை நியமனச் சட்டத்தின் விலக்கு நீங்கட்டும். அது நீங்கும்வரை, பணிப்பெண் வைத்திருக்கும் ஒவ்வொரு தமிழ் இல்லமும் ஞாயிறு காலையில் தன் கதவைத் திறந்துவிடட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை.