ஒரு கிற்றாரிற் பல குரல்

கடையிற் கிடைப்பதை வாங்காது, தம் கைக்கும் காதுக்கும் இசைய மின்கிற்றாரொன்றைப் பணித்துச் செய்விக்க விரும்பும் இளைஞர் எம் மாணவரிடையேயும் உளர். மரம் யாது, நிறம் யாதென்று மாதக்கணக்கில் ஆராயும் இவர்கள், பிக்கப் பற்றிய வினாவை இறுதிக்கு ஒதுக்கி, உள்ளவற்றுள் மிக வலியதையே வேண்டுமென்கின்றனர். இது தலைகீழான முறை என்பது எமது துணிபு. ஒரே கருவியைக் கொண்டு பலவகை இசையும் வாசிக்க வேண்டியவன் நாடத்தக்கது வலிமையன்று; நடுத்தரமான சுருளும், அதனைப் பலவாறு இணைக்கும் ஆளிகளுமே.

பிக்கப்பைச் சிலர் ஒலிவாங்கி என எழுதுகின்றனர். தமிழாசிரியராகிய எமக்கு அதில் உடன்பாடில்லை. ஒலிவாங்கி காற்றின் அதிர்வை வாங்குவது. இதுவோ, காந்தத்தின் மேலே உருக்குத் தந்தி அதிருங்கால், அக்காந்தத்தைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருளில் எழும் மின்னைப் பெருக்கிக்கு அனுப்புவது. தக்க சொல் வழக்கில் வரும்வரை, வாசிப்போர் வாயில் வழங்கும் சொல்லே எமக்கும் போதும்.

சுருளிற் கம்பியின் சுற்றுக்கள் கூடக்கூட மின்னழுத்தம் கூடும். ஆயின் உயர்ந்த மீடிறன்கள் மழுங்கும். குறைந்த மின்னழுத்தத்தைப் பெருக்கி எளிதில் ஈடுசெய்யும். சுருளிலேயே மழுங்கிய தெளிவை மீட்பது அத்துணை எளிதன்று. வலிய பிக்கப் ஒரு குரலில் உரத்துப் பேச வல்லது. மெல்லிய பாட்டுக்குத் துணைபோகச் சொன்னாலோ தடுமாறும்.

தனிச்சுருளுக்கு வேறொரு குறையுண்டு. அது தந்தியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் வாங்கும். எமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுடையதாதலின், விளக்குகள் நிறைந்த மண்டபத்தில் அந்த உறுமலைக் கேளாதார் இலர். கிப்சன் தொழிற்சாலையிற் பணியாற்றிய சேத் லவர் என்பார் 1955 இல் இதற்குப் பரிகாரமாக ஹம்பக்கருக்குக் காப்புரிமை கோரினார். 1959 இல் அது வழங்கப்பட்டது. இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்தமுனைகளையும் எதிராக வைப்பின், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலியோ கூடும்.

பல குரல் வேண்டுவோர்க்கு எடுத்துக்காட்டாக யாம் கூறத்தக்க கருவி ஒன்றுண்டு. 1963 இல், பதினாறு வயதுடைய பிரையன் மே, மின்னியல் அறிந்த தந்தையாருடன் சேர்ந்து, லண்டனை அடுத்த தம் இல்லத்திற் கிற்றாரொன்றை ஆக்கத் தொடங்கினார். பழைய அடுப்பங்கரைச் சட்டத்தின் மரம் அதற்குக் கழுத்தாயிற்று. மோட்டார்ச் சைக்கிளின் வால்வுச் சுருள்விற்களும் உள்ளே இடம்பெற்றன. பிக்கப்பையும் முதலிற் கையாலேயே செய்தனர். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்குங்கால் அவற்றின் ஒலி சீராக வரவில்லை. ஆகவே பேர்ண்ஸ் என்னும் நிறுவனத்தின் தனிச்சுருள் மூன்றை வாங்கி, வீண் ஒலி எழாதிருக்கப் பசையூட்டிப் பொருத்தினர். அவை பெருவலி படைத்தவையல்ல. ஒவ்வொன்றுக்கும் இயக்கவும் நிறுத்தவும் ஓர் ஆளி, அவத்தையை மாற்ற ஓர் ஆளி. மூன்றும் தொடர் இணைப்பில். கணக்கிடுவோம்: தனித்து மூன்று, இவ்விரண்டாக ஆறு, மூன்றும் சேர நான்கு, ஆகப் பதின்மூன்று குரல்கள்! குவீன் குழுவின் பாட்டுக்களில் உலகம் கேட்டது இக்கருவியையே. மே பின்னர், 2007 இல், வானியற்பௌதிகத்திற் கலாநிதியானதும் எம் மாணவர் அறியத்தக்கதே.

இன்று செய்விப்போர்க்கு யாம் சொல்வது இது. கழுத்தருகில் ஒன்றும் குதிரையருகில் ஒன்றுமாக, 7 அல்லது 8 கிலோ ஓம் அளவினவான இரு ஹம்பக்கர் போதும். பழைய கிப்சன் சுருள்களும் ஏறக்குறைய இவ்வளவினவே. நான்கு கம்பி வெளியே வரும் வகையைக் கேட்டு வாங்குக. அப்போதுதான் இரு சுருளையும் தொடராகவோ சமாந்தரமாகவோ இணைக்கலாம். பலரும் ஒரு சுருளை நிறுத்தித் தனிச்சுருளாக்குவதையே விரும்புவர். அவ்வாறு செய்தால் அழிந்த இரைச்சல் மீண்டும் வந்துவிடும். சமாந்தர இணைப்பிலோ ஒலி சற்று மெலிந்து தெளியும், இரைச்சலும் வாராது. எமக்கு இதுவே பிடித்தம். ஒலியளவுத் திருகிகள் 500 கிலோ ஓம் ஆகுக. 250 தனிச்சுருளுக்கு ஏற்றது. நடுவில் மூன்றாவது பிக்கப் வைத்தல் குற்றமன்று. ஆயினும் விரைந்து மீட்டுங் கைக்கு அது இடறும்.

கர்நாடக இசையைக் கிற்றாரில் வாசிக்க எண்ணுவோர் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். மண்டலின் ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி மின்மண்டலினில் அவ்விசையை வாசித்துக் காட்டியதிலிருந்து இவ்வாசை பலருக்குண்டு. கமகத்துக்காகத் தந்தியை இழுக்குங்கால் அது ஒரு காந்தமுனையை விட்டு விலகும், ஒலியும் தளரக்கூடும். தனித்தனி முனைகளுக்குப் பதிலாக நீண்ட சட்டம் பதித்த பிக்கப்பில் இத்தளர்ச்சி குறைவு. மரத்திற் குழி வெட்டுமுன்னரே இதனைத் தீர்மானித்து, ஆளிகளுக்கு வேண்டிய இடத்தையும் தாளில் வரைந்து செய்வோரிடம் கொடுத்தல் நன்று. வெட்டிய பின்னர் மனம் மாறினால், ஆண்டுக்கணக்கிற் சேர்த்த பணத்தில் வாங்கிய பலகையைத்தான் மீண்டும் குடைய நேரும்.