விண்வெளிக் கோமாளி

‘டக் டாட்ஜர்ஸ்’ போன்ற கேலிச்சித்திரத் தொடர்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார் உளர். சோம்பேறி தலைவனாக உலவுகிறான், உழைப்பவனோ கடைநிலைப் பயிற்சி வீரன், புகழெல்லாம் தலைவனுக்கே. இதைக் கண்டு வளரும் பிள்ளை உருப்படுமா என்பது அவர்தம் வினா.

படத்தை முழுதும் பாராது தீர்ப்பெழுதுவோரின் வினா அது. 2003 முதல் 2005 வரை வந்த அத்தொடரில், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்து எழுந்த வாத்து, தன்னைப் பெருவீரன் எனப் பொய்யுரைத்துப் பதவி பெறுகிறது. பார்க்கும் பிள்ளை அப்பொய்யை நம்புவதில்லை; நகைக்கிறது.

தொடருக்கு வித்திட்டது 1953இல் சக் ஜோன்ஸ் இயக்கிய ஏழு நிமிடப் படம். சவர நுரைக்கான மூலப்பொருளுக்காக ஒரு கோளின்மீது வாத்தும் செவ்வாய்க்கோளின் மார்வினும் மோதுகின்றனர். கோளே வெடித்துச் சிதறுகிறது. எஞ்சிய சிறு மண்திட்டில் நின்று வாத்து வெற்றி முழங்க, அடியில் வேரைப் பற்றித் தொங்கும் பயிற்சி வீரன் அதைத் துரும்பாகவும் மதிக்கவில்லை. கொரியப் போர் ஓய்ந்த ஆண்டு அது! போரின் வெறுமையை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமா?

தொடரில் குறை இல்லாமலில்லை. 39 பகுதிகளில் அக்கூர்மை பலவிடத்து மழுங்கி, வெறுந்தடுமாற்றமே நகைச்சுவையாக எஞ்சுகிறது. கண்டிக்க விழைவோர் அதைக் கண்டிக்கட்டும்.