தாகத்தைக் காணச் செல்லும் பயணம்

கோடை விடுமுறை நெருங்கினால் நம் குடும்பங்களில் முதுமலைப் பேச்சு எழுகிறது. வசதியுள்ளோர் கென்யா, தான்சானியா வரையிலும் திட்டமிடுகின்றனர். வறண்ட காலத்தில்தான் விலங்குகள் எளிதில் கண்ணில் படும் என்பர். உண்மையே. குட்டைகள் வற்றியதும் யானைகள் தான்சானியாவில் தரங்கிரே ஆற்றுக்கும், முதுமலையில் மாயாற்றுக்கும் திரள்கின்றன. நாம் காணப்போவது அவற்றின் தாகத்தையே. குன்றாண்டார்கோவிலின் வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்குக் கண்மாய் வற்றும் வேதனை புதிதன்று.

பூமியில் பயணித்துப் படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் (29:20) ஏவுகிறது. எனவே பயணத்தை நாம் தடுக்கவில்லை. ஆயினும், தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் முகந்து புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்று ஸஹீஹுல் புகாரியில் பயிலும் நாம், நீர்நிலையருகே கூச்சலிட்டு ஒரு யானையைத் தாகத்தோடு திருப்பியனுப்பலாமா? காட்டுத்தீ அச்சத்தால் வனத்துறை சில ஆண்டுகளில் முதுமலைச் சவாரியை நிறுத்துவதுண்டு. அப்போது முணுமுணுக்காமல் பொறுத்திருப்பதும் நற்குணமே.

புறப்படுமுன், மாடியில் பறவைகளுக்கு ஒரு சட்டி நீர் வைக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். பிற உயிரின் தாகத்தை மதிக்கும் பண்பு அங்கிருந்தே தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.